ஒரு நாளும் லீவு போடாதவள்

அக்டோபர் 4

இந்த டைரியைப் பருத்திக் காட்டுக்காரர் கொடுத்தார். விதைக் கம்பெனி ஆட்கள் தை மாதமே அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். இத்தனை நாள் டிராக்டர் சீட்டுக்கு அடியில் கிடந்திருக்கிறது. அட்டையில் வெடித்த பருத்திக்காய் படம். "எனக்கு எதுக்கு இது? நீதான பத்தாவது வரைக்கும் போனவ, வாணி. வெச்சுக்க" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பத்தாவதுக்கு நான் போனது கொஞ்ச நாள்தான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் பருத்திக் காட்டில் வேலை. பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் போனபோது டீச்சர் எழுந்து நிற்கச் சொல்லி, "இத்தனை நாளா எங்கம்மா போயிருந்த?" என்று கேட்டார். திட்டவில்லை, கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. மணி அடிக்கும் வரைக்கும் நின்றேன். மறுநாள் போகவில்லை. அதோடு சரி.

இதில் ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலும் ஒரு வரி அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்கு: 'மண் பரிசோதனை செய்து உரமிடுங்கள்.'

அக்டோபர் 7

இன்றிலிருந்து விதைப் பருத்திக் கிராசிங் தொடங்கிவிட்டது. பன்னிரண்டு பெண்கள். நானும் நதியாவும் பக்கத்துப் பக்கத்து வரிசை.

நாளைக்கு விரியப்போகும் மொட்டை இன்று மதியமே பார்த்துப் பிடிக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தால் இதழையும் உள்ளே இருக்கும் ஆண் பாகத்தையும் ஒரே சுற்றில் உரித்து எடுக்க வேண்டும். நடுவில் ஊசி மாதிரி ஒன்று மட்டும் நிற்கும். அதற்குச் சிவப்புக் காகிதக் குழல் செருகி மூட வேண்டும். இல்லாவிட்டால் வண்டு, தேனீ ஏதாவது வேறு பூவின் பொடியைக் கொண்டு வந்து ஒட்டிவிடும், விதை கெட்டுவிடும். காலையில் ஆண் வரிசைப் பூவைப் பறித்து வந்து, காகிதத்தை எடுத்துவிட்டு, அதன்மேல் ஒத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை மொட்டு என்று எண்ணியதில்லை.

இதற்காக ஆடியிலிருந்து வலது கட்டைவிரல் நகத்தை வெட்டாமல் வளர்க்கிறோம். சோறு பிசையும்போது அந்த நகத்தில் இருந்து கசப்பு இறங்கும். மூன்று தடவை சோப்புப் போட்டாலும் போகாது. பழகிவிட்டது.

காட்டுக்காரரின் வீட்டம்மா அலமேலு அக்கா காலையில் வேப்பமரத்தடியில் நின்று ஒவ்வொருத்தியையும் பார்ப்பார். வீட்டுக்குத் தூரமானவள் மூன்று நாள் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் பிஞ்செல்லாம் உதிர்ந்துவிடும். பொய் சொன்னால் இன்னும் மோசம். இந்தப் பட்டத்தில் ஒரு நாளும் லீவு போடாதவளுக்கு வெள்ளிக் கொலுசு என்று சொல்லியிருக்கிறார்.

"வீட்டுக்குத் தூரம் ஆகாம எவடி மூணு மாசம் இருப்பா? கொலுசைக் கெழவிங்களுக்குத்தான் போடோணும்" என்றாள் நதியா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கொலுசு வேண்டும்.

அக்டோபர் 9

இன்று ஒரு தப்புச் செய்தேன். எழுத மாட்டேன்.

அக்டோபர் 12

யாருக்கும் தெரியவில்லை. மூன்று நாளும் போனேன். அலமேலு அக்கா "என்ன கண்ணு, நல்லாருக்கியா?" என்று கேட்டபோது "நல்லாருக்கேங்க்கா" என்றேன். பழைய பாவாடைத் துணியை இரண்டு மடிப்பாக வைத்துக்கொண்டேன். ஓடைப் பக்கமே போகவில்லை. மதியம் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன்.

காடு அப்படியே இருக்கிறது. ஒரு பிஞ்சும் உதிரவில்லை.

அக்டோபர் 18

நேற்றுச் சாயங்காலம் மருந்து அடித்திருக்கிறார்கள். காலையில் போனால் இலையெல்லாம் பிசுபிசுவென்று இருக்கிறது. இடுப்பு உயரச் செடிக்குள் போய் வந்தால் பாவாடை முன்பக்கம் நனைந்து தொடையில் ஒட்டுகிறது. நதியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இந்த வாசத்துக்குக் கல்யாணத்துக்கே சென்ட் வாங்க வேண்டியதில்லடி, மாப்ள மயங்கி விழுந்துருவான்" என்றாள்.

ஒரு நாள் விட்டு வரலாமா என்று யாரோ கேட்டார்கள். "நாளைக்குன்னா பூ இருக்குமாடி? இன்னிக்கு விரிஞ்சது இன்னிக்கே" என்றார் காட்டுக்காரர். அதுவும் சரிதான். பருத்திப் பூ மஞ்சளாக விரியும், மறுநாள் சிவந்து சுருங்கிவிடும்.

அலமேலு அக்காவின் மகள் காலேஜ் லீவில் வந்திருக்கிறாள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவளை அக்கா வரப்பிலேயே நிறுத்திவிட்டார். "உள்ள வராத சாமி, மருந்து அடிச்சிருக்கு. அங்கயே வெச்சுட்டுப் போ." படிக்கிற பிள்ளை, தலைவலி வந்துவிடும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. எனக்குத் தலைவலி வந்து, மத்தியானம் போய்விட்டது.

காட்டில் தண்ணீர் கொண்டுபோக நல்ல கேன் கிடைத்திருக்கிறது. பச்சைக் கேன், பெரிய வாய், மூடி இறுக்கமாக இருக்கிறது. மோட்டார் ரூமுக்குப் பின்னால் கிடந்தது. சாம்பல் போட்டு நான்கு தடவை கழுவினேன். நதியாவும் என் கேனில்தான் குடிக்கிறாள்.

நவம்பர் 2

தீபாவளிக்கு வந்த வெண்ணிலா அக்கா இன்னும் ஊருக்குப் போகவில்லை. மாமா போன் பண்ணவில்லை. அம்மா கேட்கவும் இல்லை. கல்யாணமாகி நான்கு வருடம், இரண்டு தடவை தங்கி இரண்டு தடவையும் கலைந்துவிட்டது. அக்காவின் மாமியார் போனமுறை, "எங்க பையனுக்கு ஒரு கொறையுமில்ல" என்று தெருவில் நின்று சொன்னாராம்.

அக்கா முறுக்கு பிழிந்தாள். நான் எண்ணெய் வடித்தேன். அவளுடைய வலது கட்டைவிரல் நகம் இப்போதும் நடுவில் பள்ளமாக இருக்கிறது. அவளும் ஆறு பட்டம் கிராசிங் போனவள்.

நவம்பர் 10

ஏழாம் தேதியே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நவம்பர் 15

வரவில்லை. என் வரிசையில் பிஞ்சு உதிர்கிறது. நதியா வரிசையில் அவ்வளவாக இல்லை.

நவம்பர் 16

எண்ணிப் பார்த்தேன். என் வரிசையில் ஒரு செடிக்கு நான்கு, ஐந்து உதிர்ந்திருக்கிறது. காட்டுக்காரர் மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

நான் அன்றைக்கு உள்ளே போனதால்தான். காடு என்னிடம் இருந்து எடுத்துக்கொண்டது. தீட்டோடு வந்தாய் அல்லவா, இனி உனக்குத் தீட்டே இல்லை என்று.

இப்படி எழுதினால் பைத்தியம் மாதிரி இருக்கிறது. ஆனால் வேறு எப்படி நினைப்பது?

நவம்பர் 17

பிள்ளையார் கோயிலுக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன். வெளியில் நின்றேன். உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியவில்லை.

நவம்பர் 24

அலமேலு அக்கா எல்லார் முன்னாடியும் என்னைப் புகழ்ந்தார். "வாணியப் பாருங்கடி. இத்தன நாள்ல ஒரு நாள் நின்னாளா? நதியாவும் ஒழுங்கா வர்றா. மத்தவளுங்க எல்லாம் மூணு நாள்னா அஞ்சு நாள் படுத்துக்கறீங்க." நதியா செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்டலே பண்ணவில்லை. அவளுக்கு என்னவோ.

சாயங்காலம் துவைக்கும் கல்லில் அம்மா சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். "இந்த மாசம் நீ துணி அலசி நான் பாக்கலியே?"

"அலசிட்டேம்மா. நீ சந்தைக்குப் போயிருந்த."

"எங்க காயப்போட்ட?"

"கொட்டாய்க்குப் பின்னால."

அம்மா என் வயிற்றைப் பார்த்தாள். அப்புறம் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நவம்பர் 29

இன்று மருந்து. தலைவலி.

டிசம்பர் 3

அம்மா என்னை அடித்தாள்.

அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அம்மா கதவைச் சாத்திவிட்டு, "யாருடி?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "யாருன்னு சொல்லு. உங்கப்பன் திருப்பூர்லருந்து வர்றதுக்குள்ள சொல்லிரு." யாரைக் கேட்கிறாள் என்று நான் உண்மையாகவே யோசித்துக்கொண்டு நின்றேன். டீச்சர் முன்னாடி நின்றதுபோலவே. பேசாமல் நின்றதால்தான் அடித்தாள் என்று நினைக்கிறேன். இரண்டாவது அடி விழுந்த பிறகுதான் என்ன கேட்கிறாள் என்று விளங்கியது.

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"அப்பறம் எப்படிடி ரெண்டு மாசம் நிக்கும்?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை.

காட்டைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் அம்மா அலமேலு அக்கா காலில் போய் விழுவாள். சொல்லவில்லை.

டிசம்பர் 5

நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அம்மா என்னை ஆத்தூருக்குக் கூட்டிப்போனாள். நம் ஊர் நர்சம்மாவிடம் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்றாள். அக்காவும் கூட வந்தாள். இன்று ஞாயிற்றுக்கிழமை வேலை பாதி நாள்தான், அதனால் காலையில் கிராசிங் முடித்துவிட்டு வந்தேன். லீவு ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு டம்ளரைக் கொடுத்துச் சிறுநீர் பிடித்துவரச் சொன்னார்கள். அதில் ஒரு அட்டையை வைத்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கோடு. "ஒண்ணுமில்ல" என்றார் நர்ஸ். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு என் முதுகில் கை வைத்தாள். அடித்த இடத்தில்தான் வைத்தாள்.

டாக்டரம்மாவுக்கு எங்கள் டீச்சர் வயது இருக்கும். அம்மாவை வெளியில் உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார். அக்கா மட்டும் கூட இருந்தாள்.

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"அக்டோபர் ஒம்பது." தேதியை இவ்வளவு சரியாகச் சொன்னதற்கு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி இப்படி நின்னிருக்கா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். உண்மையில் போன வருடமும் கார்த்திகையில் நின்று மாசியில்தான் வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. அக்காதான், "போன வருசமும் நின்னுச்சுங்க. எங்கிட்டச் சொன்னா" என்றாள். சொன்னதே எனக்கு மறந்துவிட்டிருந்தது.

"என்ன வேல பாக்கற?"

அதற்கும் அக்காதான் பதில் சொன்னாள். டாக்டரம்மா என் கையை வாங்கிப் பார்த்தார். நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மருந்து அடிச்சு எத்தன நாள் கழிச்சு உள்ள போவீங்க?"

"மறுநா காலைல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"தண்ணி எதுல கொண்டுபோவ?"

கேனைப் பற்றிச் சொன்னேன். நல்ல கேன் என்றும் சொன்னேன். சாம்பல் போட்டு நான்கு தடவை கழுவியதையும் சொன்னேன். 

பிறகு சொன்னார். நம் உடம்பில் தலையில் இருந்து சேதி கிளம்பிச் சினைப்பைக்குப் போகுமாம், அங்கிருந்து திரும்பி வருமாம். இன்ன நாளில் இது செய் என்று. சில ரசாயனம் அந்தச் சேதி மாதிரியே வேஷம் போட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். சிலது உண்மையான சேதியைப் போகவிடாமல் தடுக்கும். தோல் வழியாகவும் போகும், மூச்சிலும் போகும், சாப்பாட்டிலும் போகும். "உனக்கு இதுனாலதான்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன். தைராய்டா இருக்கலாம், ரத்தம் கொறச்சலா இருக்கலாம். டெஸ்ட் எடுத்துப் பாப்போம். ஆனா இப்பவே காட்டுக்குப் போறத நிறுத்து. மொதல்ல அந்த நகத்த வெட்டு."

அப்போது அக்கா கேட்டாள். அவள் அப்படிக் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை.

"எனக்கு ரெண்டு தடவ கலைஞ்சுருச்சுங்க. நானும் பதிமூணு வயசுலருந்து ஆறு வருசம் நகம் வளத்தேன். அதுவும் இதுனாலயாங்க?"

"தெரியாதும்மா. உன்னயும் பாக்கணும். உன் வீட்டுக்காரரயும் கூட்டிட்டு வா. ரெண்டு பேருக்கும் டெஸ்ட் பண்ணணும்."

"அவருக்கு எதுக்குங்க? அவருக்கு ஒரு கொறையுமில்லன்னு அத்த சொல்றாங்க."

"என்ன வேல செய்யறாரு?"

"மருந்து அடிக்கப் போறாருங்க. சின்னசேலம் பக்கம் எல்லார் காட்டுக்கும் அவருதான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

பஸ் ஸ்டாண்டில் அம்மா பூ வாங்கிக் கொடுத்தாள். வைத்துக்கொள்ளலாமா என்று இருந்தது, வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 6

காட்டுக்குப் போனேன். கொலுசுக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது. நகத்தையும் வெட்டவில்லை. அம்மா போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

பச்சைக் கேனை மட்டும் எடுத்துப்போகவில்லை. நதியா, "எங்கடி நம்ம கேனு?" என்றாள். உடைந்துவிட்டது என்றேன்.

டிசம்பர் 8

ரத்த டெஸ்ட் வந்துவிட்டது. தைராய்டு சரியாக இருக்கிறதாம். ரத்தமும் பரவாயில்லையாம். ஸ்கேனிலும் பெரிதாக ஒன்றுமில்லையாம். எல்லாம் சரியாக இருந்தால் ஏன் வரவில்லை? எல்லாம் சரி என்று கேட்டபோது அம்மா சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

டைரியைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். நான் எழுதாத நாட்களின் பக்கங்களை இதுவரை பார்த்ததில்லை. அக்டோபர் 19, அடி வரி: 'மருந்து தெளித்த வயலுக்குள் குறிப்பிட்ட நாட்கள் வரை நுழைய வேண்டாம். லேபிளைப் படிக்கவும்.' நவம்பர் 21: 'காலி மருந்து டப்பாக்களை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.'

தை மாதத்தில் இருந்து டிராக்டர் சீட்டுக்கு அடியில் இருந்திருக்கிறது.

கேனில் லேபிள் இல்லை. நான்தான் தேய்த்துத் தேய்த்துக் கழுவி எடுத்தேன். நதியா ஒன்றரை மாதமாக என் கேனில் குடித்தாள்.

டிசம்பர் 9

மொட்டுக்குச் சிவப்புக் காகிதம் செருகும்போது இன்று கை நின்றுவிட்டது. வேறு எதுவும் உள்ளே போய்விடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து மூடுகிறோம். இலை ஈரம் என் பாவாடையில் ஊறிக்கொண்டிருந்தது. 

"என்னடி, மொட்டுகிட்டப் பேசற?" என்றாள் நதியா.

டிசம்பர் 10

அலமேலு அக்காவிடம் சொல்லிவிட்டேன். மோட்டார் ரூம் பக்கம் தனியாக இருந்தார். அக்டோபரில் மூன்று நாள் மறைத்துவிட்டு உள்ளே வந்ததைச் சொன்னேன். என்னால்தான் பிஞ்சு உதிர்ந்தது என்றேன். அதற்கப்புறம் எனக்கு நின்றுவிட்டது என்றும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"அடிப் பைத்தியமே. பிஞ்சு உதுந்தது மோட்டாரு ரிப்பேராகித் தண்ணி பத்தாம. உன் வரிசைதான் கடைசி, அங்க தண்ணியே எட்டல."

"அப்ப நான் உள்ள வந்தது?"

"வந்தா என்ன? ஊர்ல எல்லாரும் வெச்சிருக்கற வழக்கம், நானும் வெச்சிருக்கேன்."

"அப்ப எனக்கு எதுக்கு நின்னுச்சு? ஆத்தூர் டாக்டரு மருந்துனால இருக்கும்னு சொல்றாங்க."

அவர் வேப்பமரத்தடியைப் பார்த்தார். அங்கே மறுபடி லீவில் வந்திருக்கும் அவர் மகள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன தூக்குச்சட்டி இருந்தது.

"டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் பத்து நாளுதான் கண்ணு. பொறுத்துக்க. கொலுசு உனக்குத்தான். எடுத்தே வெச்சுட்டேன்" என்றார்.

நான் சரி என்று தலையாட்டிவிட்டு வரிசைக்கு வந்தேன். பாதி மொட்டு உரித்த பிறகுதான் யோசித்தேன், மருந்தினால் இல்லை என்று அவர் சொல்லவில்லை.

டிசம்பர் 11

அக்கா மாமாவுக்குப் போன் பண்ணினாள். "வாங்க, ரெண்டு பேரும் ஆத்தூர் போலாம்" என்றாள். அந்தப் பக்கம் சத்தம் வெளியில் கேட்டது. அக்கா போனைக் காதில் இருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சத்தம் அடங்கும் வரை காத்திருந்து, மறுபடியும் அதையே சொன்னாள். "ரெண்டு பேரும்."

அம்மா பருப்பு அரித்துக்கொண்டே இருந்தாள். அரித்த பருப்பையே மறுபடி அரித்தாள்.

டிசம்பர் 12

நேற்றுச் சாயங்காலம் மருந்து அடித்திருக்கிறார்கள். காற்று அந்த வாசத்தை எங்கள் தெரு வரைக்கும் கொண்டுவந்தது.

காலையில் அம்மாவின் பாக்குவெட்டியால் நகத்தை வெட்டினேன். தடியாக இருந்ததால் இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. வெட்டின இடம் வெள்ளையாக, புதிதாக இருக்கிறது. டம்ளரை எடுத்தால் கை வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது.

நதியா வழக்கம்போல வாசலில் வந்து கூப்பிட்டாள். கையில் சோற்றுப் போசி. "கெளம்பலியாடி?"

"நான் வரல."

அவள் முகம் மலர்ந்தது. "வீட்டுக்குத் தூரமா? வந்துருச்சா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். எனக்கு நின்றதை நான் சொல்லவில்லை, அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். மூன்று நாள் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"இல்ல. வரல. ஆனாலும் காட்டுக்கு வரல" என்றேன். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது.

நதியா என் கட்டைவிரலைப் பார்த்தாள். தன்னுடையதைப் பார்த்தாள். பிறகு போசியைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் ஐப்பசிலருந்து வரலடி" என்றாள். "கொலுசுக்குன்னு பேசாம இருந்தேன்."

பச்சைக் கேனைப் பற்றி அவளிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும். அவள் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள்; அவள் நகத்துக்குப் பாக்குவெட்டியை எடுத்து வரப் போகிறேன்.